வியாழக்கிழமை விதவை

தாம்பாளம் என் கையில்தான் இருந்தது. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ், மேலே மடித்து வைத்த அரக்குப் பட்டு. அம்பாசமுத்திரத்தில் பெண் வீட்டுக் கூடம். என் தம்பி சங்கரனுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அக்காள் எழுந்துபோய்ப் பெண்ணுக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, சேலையைக் கொடுக்க வேண்டும். எழுந்தேன்.

பாதி கூடம்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். பெண்ணின் அத்தை ஆவுடையம்மாள் குறுக்கே வந்தாள். அடுப்பிலிருந்து உருளியை இறக்குகிற பக்குவத்தோடு இரண்டு கையாலும் என்னிடமிருந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"நீ உக்காரும்மா மங்களம். நீ பட்ட பாடு போதாதா? இதையும் நீதான் சொமக்கணுமாக்கும்" என்றாள்.

என் பெயர் கோமதி. மங்களம் என்பது டி.வி. நாடகத்தில் நான் போட்ட வேஷம். மங்களத்துக்குப் புருஷன் கிடையாது. எனக்கு உண்டு. அந்த நிமிஷம் அவர் எதிர் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து ஆளின் கேசரியையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

நான் உபசாரம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்பாசமுத்திரத்துக்காரர்கள் விருந்தாளியை விசிறக்கூட விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அத்தையே பெண்ணுக்குப் பொட்டு வைத்தாள், பூ வைத்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சேலையைக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது வேனில் அம்மாவிடம் சொன்னேன், "என்ன உபசாரம் பாத்தியா?"

"போட்டீ, உபசாரமாம்ல. உன்னையக் கொண்டுவந்து என் வரிசையில நிறுத்திட்டா" என்றாள் அம்மா.

அம்மாவின் வரிசை என்பது அடுக்களை நிலைப்படி. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் அம்மா நிற்கிற இடம் அதுதான். அவள் நின்று நின்று, நாங்கள் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவள் அங்கே நிற்பதே எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

மங்களத்தைப் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்று சில வாரங்களாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இந்தப் பத்திரிகையில் என்னைப் பற்றி எழுதத் தொடங்கிய தொடர் இது. ஆனால் உங்களுக்கு அவள்தான் வேண்டியிருக்கிறது. எனக்கு அது பழக்கம்தான். எழுதுகிறேன்.

பஸ் கிடைக்காத சோகம்

கல்யாணமாகி மெட்ராஸ் போனபிறகு, எங்கள் தெருவில் இருந்த ஒரு நாடகக் குழுவில் சின்னச் சின்ன வேஷம் போட்டுக்கொண்டிருந்தேன். வேலைக்காரி, பக்கத்து வீட்டு மாமி, நர்ஸ். தொண்ணூறுகள் தொடங்கிய சமயத்தில் டி.வி. நாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

டைரக்டர் என்னைப் பார்த்த உடனே, "முகத்தில் ஒரு ஆழமான சோகம் இருக்கு" என்றார்.

அன்றைக்கு பஸ் கிடைக்காமல் உச்சி வெயிலில் நடந்து வந்திருந்தேன். அந்தச் சோகத்தை நம்பித்தான் 'கூடத்து விளக்கு' தொடங்கியது.

வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் வரும். முதல் வாரமே மங்களத்தின் புருஷன் இறந்துவிடுவான். அவனை யாரும் உயிரோடு பார்த்ததில்லை. மாலை போட்ட போட்டோ மட்டும்தான். போட்டோவில் இருந்தவர் எங்கள் லைட்மேனின் மச்சான். மரணம் அடைந்தவர் அவ்வப்போது செட்டுக்கு வந்து, எங்களோடு உட்கார்ந்து இட்லி தின்றுவிட்டு, தன் போட்டோவுக்குப் புது மாலை போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போவார்.

மங்களத்தின் உத்தியோகம் பொறுத்துக்கொள்வது. மாமியார் திட்டுவாள், பொறுப்பாள். கொழுந்தன் பொய் சொல்வான், பொறுப்பாள். பிறகு தூணுக்குப் பின்னால் போய் நின்று, தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கென்று என்ன இருக்கிறது" என்பாள். அந்த வசனம் இல்லாத வியாழக்கிழமை கிடையாது. ஒரு வாரம் அதை எழுத மறந்துவிட்டார்கள். அப்போதும் நானே சொல்லிவிட்டேன், வாய்ப் பழக்கம்.

தூணுக்குப் பின்னால் நிற்பது, தலைப்பை இழுத்துவிடுவது, பேச வாயெடுத்து நிறுத்திக்கொள்வது எல்லாம் அம்மாவைப் பார்த்துச் செய்ததுதான். அம்மாவும் திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து வாராவாரம் பார்ப்பாள். அவளுடைய விமரிசனம் ஒன்றுதான்.

"நிக்கது சரியாத்தான் நிக்கா. ஆனா இம்புட்டு நேரம் நின்னு அழ அவளுக்கு ஏது நேரம்? அடுப்புல சோறு கொதிக்கும்லா."

டீயில் முக்கிய வெள்ளை

நாடகத்தை வழங்கியவர் ஒரு சோப்புத்தூள் கம்பெனிக்காரர். மங்களம் வெள்ளைச் சேலையில் வந்து நின்று கண்ணைத் துடைத்ததும் விளம்பரம் வரும். 'வெண்மைக்கு வெண்மை' என்று ஒரு பெண் பாடுவாள். துக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் துணி துவைக்கத் தோன்றும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். தப்பவில்லை.

இதில் ஒரு சங்கதி. அசல் வெள்ளை கேமராவுக்கு ஆகாது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும், முகம் தெரியாது. அதனால் சேலையை டீத்தண்ணீரில் முக்கிக் காயப்போடுவார்கள். அழுக்கு மங்கலாக ஒரு நிறம் வரும். டி.வி.யில் அது பளீரென்ற வெள்ளை. அந்த டீச் சேலையைக் காட்டித்தான் வருஷக்கணக்காக நாட்டுக்கே சோப்புத்தூள் விற்றோம்.

என்னுடைய தாலியை ஊசியால் ரவிக்கைக்குள் குத்தி வைத்துக்கொள்வேன். பொட்டை அழித்துவிட்டு, பிடரியில் யாருக்கும் தெரியாமல் ஒரு துளி குங்குமம் வைத்துக்கொள்வேன். யாரைக் கேலி செய்ய உட்கார்ந்திருக்கிறேனோ, நானும் அந்த ஊர்க்காரிதானே.

பூக்காரியும் குருக்களும்

மங்களம் பிரபலமாக ஆக, எனக்கு ஊரில் பூ கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பூக்காரியிடம் பிச்சிப்பூ கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். ஈரத்துணியைப் பூவின் மேல் இழுத்து மூடினாள்.

"யம்மா, உங்களுக்கு எப்பிடிம்மா நான் பூக் குடுப்பேன். எனக்குக் கை வரலை" என்றாள்.

"எனக்குப் புருஷன் இருக்காரும்மா."

"இருப்பாவ, இருப்பாவ. நம்ம மனசுக்குள்ள இருப்பாவ" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். இரக்கப்பட்டுக் கூடவே ஒரு எலுமிச்சம்பழம் சும்மா கொடுத்தாள்.

கோயிலில் இன்னும் மேல். குருக்கள் எல்லோருக்கும் திருநீறும் குங்குமமும் கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்குத் திருநீறு மட்டும் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குத் தாவினார். அடுத்த ஆள் என் வீட்டுக்காரர். அவர் தன் கையில் விழுந்த குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தார். அவருக்கு ரோஷம்.

பின்னால் நின்ற பெண்கள் பேசிக்கொண்டது தெளிவாகக் கேட்டது.

"மறுகல்யாணம் போல இருக்குட்டீ."

"நல்லதுதான். ஆனா நாடகத்துல இன்னும் காட்டலையே."

என் வீட்டுக்காரரின் பெயர் நமச்சிவாயம். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஹெட்கிளார்க். தன் சாவை அவர்போல அனுபவித்த மனுஷன் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நான் போய்ச் சேந்து இத்தனை வருசமாச்சு. ஒரு வாய் காப்பி குடுக்க நாதியில்லை" என்பார். மின்சாரக் கட்டணம் வந்தால், "செத்தவனுக்கு எதுக்கு ஃபேன்?" என்பார்.

மங்களமாக நடித்த பிறகு எனக்கு வந்த வேஷமெல்லாம் புருஷன் செத்த வீட்டுக்குத்தான். "வெள்ளைச் சேலை உங்ககிட்டயே இருக்குமே, எடுத்துக்கிட்டு வந்துடுங்க" என்று கூப்பிடுவார்கள். ஆசைப்பட்டு ஒரே ஒரு நகைச்சுவை நாடகத்தில் நடித்தேன். பார்த்தவர்கள், "பாவம், துக்கம் முத்திப்போச்சு" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம்

நிச்சயதார்த்தம் முடிந்து கொஞ்ச நாளில் பெண்ணின் அப்பா ஆறுமுகம் அண்ணாச்சி எங்கள் டவுன் வீட்டுக்கு வந்தார். ஒரு காலத்தில் வயலும் வாய்க்காலுமாக இருந்த குடும்பம். அப்போது அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தப்பா நெனச்சுக்கிடக் கூடாது. எங்க ஆவுடையக்கா ஒரு வார்த்தை சொல்லிட்டு வரச் சொன்னா. தாலி முடிச்சு போடுத விசயம்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவார். மற்ற முடிச்சுகளைப் போடுவது அவருடைய அக்காளோ தங்கையோ. நாத்தனார் முடிச்சு என்று பெயர்.

"அதை உங்க சித்தப்பா மக யாராவது போட்டா நல்லாருக்கும்னு அக்கா அபிப்பிராயப்படுதா" என்றார் அண்ணாச்சி.

"ஏன் அண்ணாச்சி, இவ கையில ஏதும் சுளுக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஐயோ, நீங்க இருக்கிய. நல்லாவே இருக்கிய. கண்ணால பாக்கேன்லா. ஆனா சனங்க வியாழக்கிழமை வேற மாதிரில்லா பாக்குது."

"கல்யாணம் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை காலையில."

"பெறகு என்ன? வியாழக்கிழமை செத்தவன் வெள்ளிக்கிழமை எந்திரிச்சு வந்துருவேன்."

"அதான் கஷ்டமே. முந்தின நாள் சாயங்காலம் நாடகத்தைப் பாத்து அழுதுட்டுல்லா எல்லாரும் முகூர்த்தத்துக்கு வருவாவ."

என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சங்கரன் எனக்கு ரொம்ப இளையவன். அப்பா போனபோது இடுப்பில் இருந்தான். ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தி, அவனை என் கையில் கொடுத்துவிட்டு அம்மா தையலுக்குப் போனாள். பிறகு நான் நாடகத்துக்குப் போனதும் சொந்தக்காரர்கள் என்னைக் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடாத ஆளாக ஆக்கிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் யாராலும் தட்டிப் பறிக்க முடியாத ஒரே பாத்தியதை எனக்கு இருந்தது என்றால், அது என் தம்பி கட்டுகிற தாலியில் நான் போடவேண்டிய முடிச்சு. அதையும் கேட்டுத்தான் அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சியே ஒரு வழி சொன்னார். "டைரக்டர்ட்ட சொல்லி அந்தப் புருசனை ஒரு வாரத்துக்காவது உயிரோட கொண்டாரலாம்லா? கப்பல்ல போனவன் திரும்பி வந்தான்னு வச்சா யாரு கேக்கப் போறா?"

எஸ்.டி.டி. பூத்தில் ஒரு மனு

கேட்டுத்தான் பார்த்தேன். பூத் கண்ணாடிக்கு வெளியே ஒரு கூட்டம் நின்று மங்களம் யாருக்கோ போன் பேசுவதை வேடிக்கை பார்த்தது.

 டைரக்டர் சொன்னார்: "கோமதி, மங்களம் தலையில பூ ஏறின அன்னைக்கு உனக்கும் எனக்கும் தலையில துண்டு. சோப்புத்தூள்காரர் கலர் சேலையை ஒத்துக்குவாரா? அப்புறம் உனக்கு வேற வேஷம் யார் கொடுப்பா, சொல்லு."

 அவர் சொன்னது நிஜம்.

ஆவுடையத்தைக்குச் சேதி போனது. அவள் அசரவில்லை. கையோடு பரிகாரம் வைத்திருந்தாள்.

"பாவநாசத்துல ஆத்துல போய் அந்தச் சேலையை விட்டுட்டு முழுகிட்டு வரச் சொல்லு. தோசம் சேலையோட போயிரும்."

பாபநாசத்தில் தாமிரபரணியில் முழுகி, உடுத்திய பழைய துணியை ஆற்றோடு விட்டால் பிடித்த பீடை விலகும் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். நாடகக் கம்பெனிச் சேலையை விட்டால் நாடகத்தில் வந்த பீடை விலகும் என்று கண்டுபிடித்தது ஆவுடையத்தை ஒருத்தியாகத்தான் இருக்கும்.

நான் சரி என்றேன். முடிச்சுக்காக எதற்கும் சரி என்கிற நிலைமையில் இருந்தேன். மங்களத்துக்கு ஒரே மாதிரி சேலைகள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றைத் தர டைரக்டர் சம்மதித்தார்.

"சேலையை விடு. மங்களத்தை விட்டுடாதே" என்றார்.

பாபநாசத்தில்

கல்யாண வாரம். விடிந்து வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். ஆவுடையத்தை, அண்ணாச்சி, என் வீட்டுக்காரர், நான். அம்மாவும் வந்திருந்தாள். அவளை யார் கூப்பிட்டது என்று யாருக்கும் நினைவில்லை. மேல்படியில் ஒதுங்கி நின்றாள்.

தண்ணீர் ஐஸாக இருந்தது. பாறை இடுக்கெல்லாம் ஊரார் விட்ட வேட்டியும் சட்டையும் பாவாடையும் சிக்கிப் படபடத்துக்கொண்டிருந்தன. ஊரார் பாவமெல்லாம் ஒரு முழத் தூரம்கூடப் போகவில்லை.

"கெழக்கப் பாத்து நின்னு விடும்மா. மனசுல நெனச்சுக்கோ. நான் சுமங்கலி, நான் சுமங்கலின்னு" என்றாள் அத்தை. அவளுக்கு அங்கேயும் கண் கலங்கியது.

"நானும் நெனச்சுக்கிடவா? நான் உயிரோட இருக்கேன், உயிரோட இருக்கேன்னு?" என்றார் என் வீட்டுக்காரர்.

முழுகினேன். சேலையை விட்டேன். அது தண்ணீரில் விரிந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பைய நகர்ந்தது.

அப்போதுதான் அம்மா படியிறங்கி வந்தாள். அவசரப்படவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, போய்க்கொண்டிருந்த சேலையின் முந்தியைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா பண்ணுதே?" என்றேன்.

"நல்ல சேலை. ஆத்துல விட்டா யாருக்குப் பிரயோசனம்? நான் கட்டிக்கிடுதேன்."

"யக்கா, அது தோசம் பிடிச்சதுல்லா" என்றாள் ஆவுடையத்தை.

அம்மா சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "எனக்கு ஒட்டுததுக்கு இனி என்ன தோசம் பாக்கியிருக்கு ஆவுடை? இவ அப்பா போனப்பவும் இந்த ஆறு இங்கனதான் ஓடிச்சு. ஒரு முழுக்குல சரியாப் போற விசயம்னு எனக்கு யாரும் சொல்லலையே."

அண்ணாச்சி ஆற்றைப் பார்த்தார். ஆவுடையத்தை கோயில் கோபுரத்தைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் நனையாத தன் துண்டைப் பிழிந்தார்.

 நான் விதவை இல்லை, நான் விதவை இல்லை என்று பூக்காரியிடமும் குருக்களிடமும் சம்பந்தியிடமும் வாதாடிக்கொண்டே இருந்திருக்கிறேன். அத்தனை வாதாட்டமும் அடுக்களை நிலைப்படியில் நின்ற ஒருத்தியின் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அம்மா பிழிந்த தண்ணீர் பழுப்பாக ஓடியது. முகர்ந்து பார்த்தாள்.

"என்னட்டீ இது, டீ வாசம் அடிக்கி?"

கேமரா சங்கதியைச் சொன்னேன். அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், சிரித்தாள், புரையேறும்வரை சிரித்தாள். "அசல் வெள்ளை யாருக்குமே ஆகலையாட்டீ" என்றாள்.

தூணோரம்

ஆவுடையத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சேலை போகவில்லை, ஆகவே தோஷமும் போகவில்லை. முடிச்சை எங்கள் சித்தப்பா மகள் போடட்டும்.

சங்கரனிடம் சொன்னேன். பேங்க்கில் வேலை பார்த்தான். சண்டை என்றால் பக்கத்துத் தெரு வழியாகப் போய்விடுகிற சுபாவம். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்க்கா" என்றான்.

"எனக்கென்று என்ன..." என்று வாய்வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் டி.வி. கொண்டுவந்து வைத்தார்கள். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அருவாமனையோடு திரும்பி உட்கார்ந்தார்கள். நான் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக அவர்கள் நடுவில் இருந்தேன். டி.வி.யில் மங்களம் தூணுக்குப் பின்னால் போனதும் மொத்த மண்டபமும் அழுதது. அழுதுவிட்டு என்னைப் பார்த்தது. பூவோடு உட்கார்ந்திருப்பதற்கு என்ன நெஞ்சழுத்தம் என்பது போலப் பார்த்தது.

"பாவி மக, எப்பிடி நடிக்கா" என்றாள் ஆவுடையத்தை, என் கையைப் பிடித்துக்கொண்டு. "இவளைப் போட்டு இந்த மாமியாக்காரி ஒதுக்கி ஒதுக்கி வைக்காளே, அவளுக்கெல்லாம் மனச்சாட்சியே கெடையாதா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. மனசாரத்தான் கேட்டாள்.

முகூர்த்தம்

வெள்ளிக்கிழமை காலையில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் தன் உயிருக்குச் சாட்சியாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடுவழியில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அம்மா சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றாள். துவைத்துத் தேய்த்து, அந்தச் சேலையைக் கட்டியிருந்தாள். டீயெல்லாம் போய் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மங்களம் சேலைல்லா அது" என்று யாரோ சொன்னார்கள். அது வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோதே கெட்டிமேளம் பிடித்துவிட்டது.

சங்கரன் தாலியைக் கட்டினான். முதல் முடிச்சைப் போட்டான். சித்தப்பா மகள் கையை நீட்டினாள். அவன் நூலை விடவில்லை.

இரண்டு நுனியையும் விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். தவில்காரர் அடித்துக்கொண்டே இருந்தார். நாதஸ்வரக்காரரின் கன்னம் வெடித்துவிடும் போல இருந்தது. அட்சதை போட்டவர்கள் போட்டு முடித்து, வெறுங்கையோடு நின்றார்கள்.

"விடுங்க தம்பி, நேரம் போகுது" என்றார் ஐயர்.

"போகட்டும். எங்க அக்கா வரணும்."

அவ்வளவுதான் சொன்னான்.  நூலை விரலில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

ஆவுடையத்தை மேடைப் படியில் ஏறி, "மாப்பிள்ளை, எல்லாம் பேசி முடிச்ச விசயம்லா" என்றாள்.

மாலைக்குள் தலை குனிந்திருந்த கல்யாணப் பெண் உமா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "மயினியக் கூப்பிடுங்க அத்தை. எனக்குக் கழுத்து வலிக்கி."

எழுந்தேன். மேடைக்குப் போகவில்லை. சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"என்னைய எதுக்குட்டீ இழுக்க? அவன் நூலும் கையுமா நிக்கான். போ."

"நீ வந்தாத்தான் போவேன்."

"கல்யாண மேடைட்டீ."

"உன் மகன் கல்யாணந்தானே."

அம்மா வந்தாள். எந்தக் கல்யாண மண்டபத்தின் நடுவழியிலும் அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கூட்டம் விலகி வழி விட்டது. சில பெண்கள் கும்பிட்டார்கள். என்னையா, அம்மாவையா, சேலையையா என்று கேட்க நேரமில்லை.

படியில் ஆவுடையத்தை மறித்து நின்றாள். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. உதடு பிதுங்கியது. வாராவாரம் டி.வி.க்கு முன்னால் அழுகிற அதே அழுகை.

"மங்களம்" என்றாள் என் அம்மாவைப் பார்த்து. அவள் கையைப் பிடித்து, தானே படியேற்றி மேடையில் விட்டாள்.

பெற்ற தாயாக நின்றபோது நீளாத கை, சோப்புத்தூள் விளம்பரத்துக்கு முன்னால் வந்துபோன ஒரு சேலைக்கு நீண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆத்திரமும் வந்தது. நூலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நின்றதால் இரண்டையும் ஒத்திப்போட்டேன்.

சங்கரன் நுனிகளை என் கையில் கொடுத்தான். மஞ்சள் ஈரத்தில் நூல் வழுக்கியது.  மகனுக்கும் மருமகளுக்கும் பின்னால் நின்று அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இறுக்கிப் போடு. டி.வி.க்குப் போடுத மாதிரி போடாத" என்றாள்.

இறுக்கித்தான் போட்டேன். உமா, "மயினி, பைய" என்றாள்.